இருள் போதவில்லை

அந்தச் சபையில் பதினான்கு வயது முடிந்த பிள்ளைகள் சிறுவர் பிரிவிலிருந்து வாலிபர் பிரிவுக்குப் போக வேண்டுமானால், தாங்கள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தார்கள் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாக இருக்கிற ஏற்பாடு இது. அதற்கு முன்பெல்லாம் பிறந்தநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போய்விடும். "நாற்காலியைத் தூக்கினா சீஷனாயிடலாமா?" என்று ஒரு கூட்டத்தில் பிள்ளைகள் பிரிவுகளின் ஒருங்கிணைப்பாளர் கேட்டார். ஆகவே படிவம் வந்தது.

படிவத்தில் மூன்று பகுதிகள்: முன்பு, திருப்பம், இப்போது. பிள்ளை எந்த இருளில் கிடந்தது என்பதை முதல் பகுதியில் எழுத வேண்டும். ஆண்டவர் அதை எந்த நாளில், எந்த இடத்தில் மீட்டார் என்பது இரண்டாவது. வெளிச்சம் இப்போது எப்படி இருக்கிறது என்பது மூன்றாவது. முன்புக்கு ஒன்றரைப் பக்கம் விட்டிருந்தார்கள், திருப்பத்துக்கு அரைப் பக்கம், இப்போதுக்கு நான்கு வரி. ஒருங்கிணைப்பாளரின் குழு ஏற்றுக்கொண்டால் பிள்ளை ஆராதனையில் எல்லார் முன்னாலும் நின்று அதைச் சாட்சியாகச் சொல்லும். படம் பிடித்து இணையத்தில் போடுவார்கள். அதன்பிறகுதான் எதிர் அறை.

ஒருங்கிணைப்பாளர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். நசுங்கிய வண்டிகளையும் எரிந்த கிடங்குகளையும் முப்பது வருடம் பார்த்தவர் என்பதால் சேதத்தின் அளவை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கிடைத்தது சபைக்குப் பெரிய ஆசீர்வாதம் என்று போதகர் மேடையிலேயே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

லிஃப்ட்காரரின் மகளுடைய படிவத்தையும் அவர் ஒரே பார்வையில்தான் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "முன்பு பகுதியில் இருள் போதவில்லை. திருத்தி எழுதவும்."

லிஃப்ட்காரர் என்று சபையில் அழைக்கப்பட்டவர் உண்மையில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நகரத்தில் பதினேழு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் பரிசோதித்து அறிக்கை எழுதுவார். பெரும்பாலான அறிக்கைகளில் ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த வரியை எழுதும்போது அவருக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். மகளின் படிவத்தைப் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் ஏழு வரி எழுதியிருந்தாள். தம்பியிடம் கத்தியிருக்கிறாள். ஒருமுறை ஜெபத்தின்போது தூங்கிவிட்டாள். தோழிக்கு வந்த பரிசைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, பிறகு அதற்காக அழுதிருக்கிறாள். திருப்பம் பகுதியில், ‘எந்த நாள் என்று தெரியவில்லை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஆண்டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று இருந்தது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெற்றோரை அழைத்துப் பேசினார் ஒருங்கிணைப்பாளர். சபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. சுவரோரமாகப் பிள்ளைகளின் கோப்புகள் வயதுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

"பிரதர், சிஸ்டர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு கோரிக்கைன்னு வந்தா சேதம் இருக்கணும். சேதமே இல்லாம மீட்புன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? ஆண்டவர் இவளை எதிலேர்ந்து தூக்கினார்னு சபை கேக்காதா?"

"அவ எங்கயும் போய் விழலயே ஐயா" என்றார் லிஃப்ட்காரர்.

"அதுதான் பிரச்சினையே. கெட்டுப்போன பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட பாடத்திட்டம் இருக்கு, அச்சடிச்சே வெச்சிருக்கோம். நல்ல பிள்ளைங்கதான் பெரிய சவால். அதுங்க எந்தக் கட்டத்துலயும் அடங்க மாட்டேங்குது."

பாப்பாவின் அம்மா மருந்துக் கடையில் வேலை செய்பவர். சீட்டில் எழுதியிருப்பதை எழுதியபடி எடுத்துக் கொடுத்துப் பழகியவர். "நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிடறோம்" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் ஒரு சிறிய கையேட்டைக் கொடுத்தார். ‘வீட்டில் பிள்ளையைக் கவனித்தல்’ என்று அட்டையில் இருந்தது. பதினைந்து நாள் பிள்ளையைக் கவனித்து, கண்ணில் பட்ட பாவங்களைத் தேதி போட்டு எழுத வேண்டும். பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "இதுதான் உண்மையான பெற்றோர் பொறுப்பு. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சறது யார் வேணும்னாலும் செய்வாங்க" என்று அவர் விளக்கினார்.

பதினைந்து நாள் இருவரும் கவனித்தார்கள். லிஃப்ட்காரருக்கு எந்திரங்களைக் கவனிப்பதில் அனுபவம் உண்டு. எங்கே சத்தம் வருகிறது, எங்கே தேய்கிறது என்று காதை வைத்துக் கேட்பார். மகளிடம் எந்தச் சத்தமும் வரவில்லை. முதல் செவ்வாய், ‘தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்தாள்’ என்று எழுதினார். வெள்ளிக்கிழமை, ‘கணக்குப் பாடம் பிடிக்கவில்லை என்றாள்’. அம்மா ஒருநாள், ‘சாப்பிட்ட தட்டைக் கழுவவில்லை. சொன்னதும் கழுவினாள்’ என்று எழுதினார். கையேடு திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: "சொன்னதும் கழுவியது பதிவைக் கெடுக்கிறது."

இதற்குள் பாப்பாவுக்குப் பதினான்கு முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. அவள் வயதுக்காரர்கள் எல்லாரும் எதிர் அறைக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் சிறுவர் அறையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலியில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒருத்தி அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டேதான் ஜெபம் செய்வாள். ஆனால் ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது மற்ற அம்மாக்கள் அவள் அம்மாவிடம், "என்ன, இன்னும் ஒண்ணும் கிடைக்கலயா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

அப்படி விசாரித்தவர்களில் குழாய் பழுதுபார்ப்பவரின் மனைவியும் ஒருவர். அவர் மகனுக்குப் புயல் என்று பட்டப்பெயர். போன வருடம் அவன் சொன்ன சாட்சி சபையையே ஒரு குலுக்குக் குலுக்கியிருந்தது. முதலில் சொன்னபோது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிகரெட் பிடித்ததாகத்தான் சொன்னான். பாதியில் இருமல் வந்து போட்டுவிட்டதாகவும் சொன்னான். அடுத்த கிளைச் சபையில் அது முழுச் சிகரெட் ஆனது. ஆறாவது கிளைச் சபைக்குப் போனபோது நாளைக்கு ஒரு பாக்கெட் என்றாகி, கூடவே ஒரு கத்தியும் சேர்ந்திருந்தது. இப்போது அவனுக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தச் சபைக்கு வர நேரமில்லை.

"பாப்பாவைப் பட்டறைக்கு அனுப்புங்க" என்றார் புயலின் அம்மா. "இவனும் அங்க போய்த்தான் தேறினான்."

சாட்சிப் பட்டறை சனிக்கிழமை காலையில் நடந்தது. விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் நடத்தினாள். உற்சாகமானவள், கெட்ட எண்ணம் இல்லாதவள். எட்டுப் பிள்ளைகளையும் கண்ணை மூடி, வாழ்க்கையிலேயே மோசமான நாளை நினைக்கச் சொன்னாள். ஒரு சிறுவன் தன் நாய் செத்த நாளை நினைத்து அழத் தொடங்கினான். அது பாவக் கணக்கில் வராது என்று சொல்லி அவனை உட்கார வைத்தார்கள்.

பாப்பாவிடம் அவள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பேசினாள். "பொறாமைப்பட்டேன்னா யாருக்கு என்ன தெரியும்மா? பொறாமை கண்ணுக்குத் தெரியுமா? ஒரு தேதி சொல்லு, ஒரு இடம் சொல்லு, கையில பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் சொல்லு. உன்னால பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

பாப்பா வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை எழுதினாள். அது ‘முன்னேற்றம் உண்டு, ஆயினும் போதாது’ என்று திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டே அழுதார்.

"பெத்தவங்க சரியா வளர்க்கலன்னு நினைக்கறாங்க பாப்பா. வீட்ல ஜெபிக்கறீங்களா, வசனம் படிக்கறீங்களான்னு புயலோட அம்மா என்னைக் கேக்கறாங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன். உலகத்துல யாரும் செய்யாததையா கேக்கறாங்க?"

லிஃப்ட்காரர் அப்போது வாசலில் நின்று வேலைச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படிச் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் நாளெல்லாம் அலைந்த களைப்பு. இது ஒருவழியாக முடிந்தால் போதும் என்ற எண்ணமும் இருந்தது. பேசாமல் குளிக்கப் போய்விட்டார். பின்னாளில் அவர் திரும்பத் திரும்ப நினைத்து வருந்தியது அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

மூன்றாவது படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று பெற்றோருக்குத் தெரியாது. சாட்சி சொல்லும் நாள்வரை குழுவைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா மைக்கைப் பிடித்து, எழுதியதைப் பார்க்காமலே சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை மதியம், பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை. தன் வகுப்பில் படிக்கும் பல் மருத்துவரின் மகள், பந்து விளையாடப் போகும் முன் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்த கைக்கடிகாரம். நீல நிறப் பட்டை.

"அதை நான் எடுத்தேன். அந்த அறையைக் கூட்டற அக்காதான் எடுத்திருப்பாங்கன்னு சொல்லி அவங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. எனக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல."

முன்வரிசையில் ஒருவர் "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். கைதட்டல் எழுந்தது. ஒருங்கிணைப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதகர் பாப்பாவின் தலையில் கை வைத்து, "இப்படிப்பட்ட பிள்ளைகளை எழுப்பினதுக்காக" என்று தொடங்கி நீண்ட ஜெபம் ஒன்று செய்தார். திருப்பம், இப்போது என்ற பகுதிகளைப் பாப்பா சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

லிஃப்ட்காரருக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. பக்கத்தில் மனைவி பாதி பெருமையும் பாதி பயமுமாக அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைச் சமையலறையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"கடிகாரம் எங்க பாப்பா?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? நான் எடுக்கவே இல்ல."

"பின்ன?"

"தேதி, இடம், பொருள் எல்லாம் வேணும்னாங்க. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகத்துல இருந்துச்சு. அந்த அக்கா அழுதுட்டே கேட் பக்கம் போனது ஞாபகம் இருந்துச்சு. அவங்களைப் பத்தி யாராவது ஒருத்தர் நல்லதா சொல்லணும்னு தோணிச்சு. அதையும் சேர்த்துட்டேன்" என்றாள்.

லிஃப்ட்காரர் உடனே ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் பேசினார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார்.

"ஐயா, அவ சொன்னது பொய். அவ எதையும் எடுக்கல."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பொய்யா? சபை நடுவுல நின்னா?"

"ஆமாங்கய்யா."

"மைக்கைப் பிடிச்சுக்கிட்டா?"

"ஆமாங்கய்யா. மன்னிச்சிடுங்க."

"பிரதர்" என்றார் ஒருங்கிணைப்பாளர். குரல் தழுதழுத்தது. "இதைத்தானே நாலு மாசமா தேடிட்டு இருந்தோம்!"

லிஃப்ட்காரர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"சபை முன்னால பொய் சொல்றதுன்னா லேசுப்பட்ட சேதமா? தேதி இருக்கு, இடம் இருக்கு, முந்நூறு பேர் சாட்சி இருக்காங்க. முழு வீடியோவே இருக்கு. என் முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான ஆவணத்தோட ஒரு கேஸ் வந்ததில்ல. அடுத்த ஞாயிறு இரண்டாவது சாட்சி வெச்சுடுவோம். நான் போதகர்கிட்ட பேசறேன்."

திங்கட்கிழமை காலை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வீடியோ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமையாசிரியையின் அறையில் பல் மருத்துவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கதவோரம் நாற்பது வயதுள்ள ஒரு பெண் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தார். அவர்தான் வேலையை இழந்த துப்புரவுப் பணியாளர். அவருடைய தங்கை கைபேசியில் வீடியோவைக் காட்டி, கையோடு அழைத்து வந்திருந்தாள். தங்கை வெளியே நின்றாள்.

தலைமையாசிரியை லிஃப்ட்காரரையும் பாப்பாவையும் உட்காரச் சொல்லவில்லை.

"இந்தப் பள்ளி யார் மேலயும் ஆதாரம் இல்லாம நடவடிக்கை எடுக்காது" என்றார் அவர். "அப்போ அறைச் சாவி இவங்ககிட்ட இருந்துச்சு. அதுதான் எங்களுக்கு ஆதாரம். இப்போ உங்க பொண்ணே ஒத்துக்கிட்டிருக்கா. இது அதைவிட நல்ல ஆதாரம். அதனால இவங்களை இன்னிக்கே வேலையில திரும்பச் சேர்க்கறோம். பள்ளி எப்பவும் நியாயத்தோடதான் நிக்கும்."

கதவோரம் நின்ற பெண்ணின் முகம் ஒரு மாதிரி இளகியது. மூன்று மாதம் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்த கைகள் அவருடையவை. அதில் இரண்டு வீடுகள், விஷயம் தெரிந்ததும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தன.

லிஃப்ட்காரர் உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தார். "மேடம், ஒரு விஷயம். என் பொண்ணு..."

பாப்பா அவர் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"நான்தான் எடுத்தேன் மேடம்" என்றாள்.

"கடிகாரம் எங்க?"

"தொலைஞ்சிடுச்சு."

"பரவாயில்ல, அவளுக்கு வேற வாங்கியாச்சு" என்றார் பல் மருத்துவரின் மனைவி, லிஃப்ட்காரரின் செருப்பைப் பார்த்தபடி.

பத்து நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று தீர்ப்பானது. வெளியே வரும்போது துப்புரவுப் பணியாளர் பாப்பாவின் வழியை மறித்து நின்றார்.

"மூணு மாசம். என் பையன் என்கிட்ட, நீ எடுத்தியாம்மான்னு கேட்டான். பெத்த பிள்ளை கேட்டான். அப்பவும் நீ இதே பள்ளிக்கூடத்துல உக்காந்து படிச்சுட்டுத்தானே இருந்தே?"

இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றாள் பாப்பா.

"அக்கான்னு கூப்பிடாதே."

வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியபோது அவர் கேட்டார். "ஏன் பாப்பா?"

"நான் எடுக்கலன்னு சொன்னா மறுபடி அவங்களைத்தானேப்பா போகச் சொல்வாங்க."

பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவள் செய்வது சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி விஷயங்களுக்குத்தானே சபை இருக்கிறது என்று நினைத்து, புதன்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போதகரைப் பார்க்கப் போனார்.

போதகர் மேஜையில் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் நடந்ததை முழுவதும் சொன்னார். பள்ளிக்கூடம், அந்தப் பெண், அவருடைய மகன் கேட்ட கேள்வி, பாப்பா சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை.

போதகரின் பேனா நின்றது. அவர் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ வந்தது. ஒரு நிமிஷம், இந்தப் படிவத்தை எல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்லப்போகிறார் என்றே லிஃப்ட்காரர் நம்பினார்.

"செய்யாததுக்கு நீ பழியை ஏத்துக்கிட்டியா?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

பாப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்படின்னா..." என்று தொடங்கிய போதகர், ஒருங்கிணைப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் படிவத்துல இடம் இல்ல ஐயா" என்றார் அவர். "முன்பு, திருப்பம், இப்போது, மூணுதான். இதை எதுல சேர்க்கறது? பாவம்னா முன்புல போடலாம். ஆனா இது பாவமான்னே எனக்குப் பிடிபடல. நல்ல செயல்னா இப்போதுல போடணும். அங்க நாலு வரிதான். இவ திருப்பமே சொல்லாததால இப்போதுக்குப் போகவே வழியில்ல. ஞாயித்துக்கிழமை இரண்டாவது சாட்சியைச் சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பாப்பா.

"ஏம்மா? பொய் சொன்னேன்னு ஒத்துக்கறதுல என்ன கஷ்டம்? அறிவிப்பு வேற போயாச்சு."

"சொன்னா வீடியோ போடுவீங்க. அந்த அக்கா வேலை போயிடும்."

"பள்ளிக்கூட விவகாரம் நம்ம வரம்புக்குள்ள வராதும்மா."

போதகர் மறுபடி குனிந்து கையெழுத்துப் போடத் தொடங்கினார். "ஒருங்கிணைப்பாளர் ஐயா சொல்றபடி செய்யுங்க பிரதர். அவருக்குத்தான் இதுல அனுபவம்." குரலில் சுரத்தே இல்லை. அந்தச் சான்றிதழில் அவர் கையெழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது.

லிஃப்ட்காரருக்கு வேறொரு கவலை. "ஐயா, இங்க பேசினது வெளிய போயிடக் கூடாது. அந்தம்மா வயித்துப்பாடு."

"அதுக்கு நீங்க பயப்படவே வேண்டாம். கட்டத்துல அடங்காத விஷயத்தை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்த விஷயத்தில் கடைசிவரை அவர் சொன்ன சொல் தவறவில்லை. பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "ஆனா சாட்சியை நிறைவு செய்ய மறுத்தா காரணம் குறிச்சு அப்பா கையெழுத்துப் போடணும். வெறுமையா விட்டா ஏத்துக்க முடியாது."

தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன: பயம், சோம்பல், பிடிவாதம், உலக ஆசை, பெற்றோரின் கவனக்குறைவு. லிஃப்ட்காரர் நெடுநேரம் அதைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தருகே பேனாவைக் கொண்டுபோனார்.

"அது வேண்டாம்ப்பா, அம்மா அழுவாங்க" என்றாள் பாப்பா. "பிடிவாதம்னு போடுங்க."

அவர் பிடிவாதத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டார். ஒருங்கிணைப்பாளர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "பாருங்க, இப்பதான் இவ கோப்பு ஒழுங்கா இருக்கு."

பிடிவாதத்தில் குறி விழுந்த பிள்ளை சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று விதியில் இருந்தது. அடுத்த ஞாயிறு பாப்பா குட்டை நாற்காலியிலும் இல்லை, எதிர் அறையிலும் இல்லை. பெரியவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு வந்தபோது எல்லாரோடும் எழுந்து நின்றாள். உதடு அசையவில்லை. பின்னலைப் பிடித்து ஜெபிக்கும் சிறுமி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். யாரோ அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சமையலறை விளக்கடியில் அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, பல நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"பாப்பா, கடிகாரம் போனது போனதுதானே. நீ எடுக்கல. ஒருவேளை அந்தம்மாவே எடுத்திருந்தா?"

லிஃப்ட்காரர் கையிலிருந்த, பாப்பாவின் தம்பியுடைய கணக்கு நோட்டை இறக்கினார். அவருக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை.

பாப்பா கொஞ்சம் யோசித்தாள்.

"எடுத்திருந்தாலும் அவங்களுக்கு வேலை வேணும்லம்மா" என்றாள்.

அம்மாவின் கை பின்னலின் நடுவில் நின்றது. பிறகு மெதுவாக, முடி இழுபடாமல், மீதியைப் பின்னி முடித்தார். அன்றைக்குப் பிறகு அவர் மகளிடம் சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் அக்கறையாக விசாரித்தவர்களிடமும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பத்து நாள் முடிந்த காலை லிஃப்ட்காரர் அவளை வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கினார். முன்னால் போன இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டு, தோளில் தொங்கிய பைகளை மார்புக்கு மாற்றிக்கொண்டார்கள். உள்ளே நீளமான தாழ்வாரத்தை அந்தப் பெண் துடைத்துக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் முடித்திருந்தார். சிமெண்ட் தரை ஈரத்தில் பளபளத்தது.

"வணக்கம்" என்றாள் பாப்பா. அக்கா என்று சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி குனிந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

பாப்பா குனிந்து காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் படாத தரை இருந்தது. அதில் ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதமாக வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வகுப்பு வரைக்கும் நடந்து போனாள். துடைத்த தரையில் ஒரு தடம்கூட விழவில்லை.